ஆளுக்கொரு முகம் காட்டாத பெட்டி

போன கிழமை எங்கள் வகுப்புக்காரரின் கைபேசிக் குழுவில் ஒருவர் பழைய கொம்பியூட்டர் மொனிற்றர் ஒன்றின் படத்தைப் போட்டு, கீழே ‘ஆட்டுக்கல்’ என்று எழுதியிருந்தார். ரொறன்ரோவில் இருப்பவர் சிரித்தார், பாரிஸில் இருப்பவர் சிரித்தார், மன்னார்ப் பாலத்தைத் தாண்டி ஒரு நாளும் குடியிருக்கப் போகாதவரும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தலையில் வெள்ளி எட்டிப் பார்க்கிற வயதில் ஒரு மொனிற்றருக்காக வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று நீங்கள் நினைத்தால் நினையுங்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

முதலில் அதன் குறைகளை நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம். அது பிணக் கனம் கனக்கும். பாரமெல்லாம் கண்ணாடிப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்தை வயிற்றோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் அதைப் போட்டால் பக்கத்தில் அடுப்பு மூட்டியது மாதிரி இருக்கும். எங்கே தூசி இருந்தாலும் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊரான விடத்தல்தீவில் தூசி என்றால் உப்பும் சேர்ந்த தூசி, துடைத்த துணி காய்ந்தால் விறைத்துப் போகும். அதிக நேரம் பார்த்தால் கண்ணில் நீர் வடியும். சித்தி நெற்றியில் தைலம் பூசாத பின்னேரம் எனக்கு நினைவில்லை. போதாக்குறைக்கு, மின்சார ஆளியைப் போட்டவுடன் அடிவயிற்றில் இருந்து ‘டொம்ம்’ என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு அம்மா ஒவ்வொரு தடவையும் சுவரோடு ஒட்டிக்கொள்வார். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவார். அம்மா ஏன் சுவரைத் தேடினார் என்று, ஷெல் விழுந்த காலத்தை அறிந்த நம்முடைய வயதுக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் உண்மை. இவ்வளவும் இருந்தும் அதைப்போல ஒரு சாமான் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

நாங்கள் இந்திய அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த அடுத்த வருடம் அது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு சுவர் எழும்பி, பூச்சு இல்லாமல் நின்றது. அதன் முன்பக்கத்தில் தகரம் இறக்கிப் பத்தி ஒன்று போட்டு, அதில் சித்தி தன் தொழிலைத் தொடங்கினார். முகாமில் இருந்தபோது பக்கத்துப் பட்டணத்து ஸ்ரூடியோ ஒன்றில் வேலை பழகியவர் அவர். மன்னாரில் மூடப்பட்ட ஒரு கந்தோரில் கணக்கு வேலைக்கு வைத்திருந்து கழித்துவிட்ட கொம்பியூட்டரும் மொனிற்றரும் அவர் கைக்கு வந்தன. மொனிற்றரின் ஓரத்தில் முன்பு யாரோ ஒட்டிய ஒரு குருவிப் படம் பாதி உரிந்து கிடந்தது. சித்தி அதை உரிக்கவில்லை. அது அந்தக் கந்தோர்க்காரரின் குருவி, எங்களுக்கு அதில் உரிமையில்லை என்று சொல்வார்.

சித்தியின் தொழில், படங்களில் ஆட்களைச் சேர்ப்பது. அந்த நாளில் திரும்பி வந்த சனத்திடம் படங்கள் இருந்த கோலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடல் தண்ணீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்கள், கறையான் தின்ற படங்கள், பாதி முகம் போன படங்கள். அவற்றை எடுத்து, பெருப்பித்து, நிறம் கொடுத்து, ஒரு நாளும் சேர்ந்து நிற்காதவர்களைச் சித்தி சேர்த்து நிறுத்துவார். தங்கையின் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்ட அண்ணன், கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பான். உடுப்புக்கு என்ன செய்வது? அம்மாவின் அண்ணா, என் மாமா, கட்டாருக்கு வேலைக்குப் போக முன்பு கோட் போட்டு எடுத்த படம் ஒன்று இருந்தது. அந்தக் கோட்டைத்தான் சித்தி எல்லோருக்கும் மாட்டினார். எங்கள் ஊரில் பாதிப் பேரின் அப்பாமார் இன்றைக்கும் என் மாமாவின் கோட்டோடுதான் சுவரில் நிற்கிறார்கள்.

சித்தியின் தொழிலில் இன்னொரு வழக்கம் இருந்தது. ‘முகம் சொல்ல வாறது’ என்று அதற்குப் பெயர். படம் சிவந்தோ வெளுத்தோ போயிருந்தால் ஆளின் உண்மையான நிறம் படத்தில் இருக்காது. ஆளைத் தெரிந்தவர்களின் நினைவில்தான் இருக்கும். அதனால் ஒரு வேலை முடியும் தறுவாயில் குடும்பமே வரும். கிழடுகள் கதிரையில், பெண்கள் பாயில், பிள்ளைகள் பாய்க்கும் முன்னால் நிலத்தில், ஆம்பிளைகள் வாசலில். சித்தி நிறத்தைக் கூட்டிக் குறைப்பார். மூக்குக்குக் கீழே நிழல் வேண்டும் என்பார் ஒருவர். அவனுக்கு ஒரு காது கொஞ்சம் மடிந்திருக்கும், மறந்துவிட்டீர்களா என்பார் இன்னொருவர். கடைசியில் ஒரு இடத்தில் எல்லோருடைய வாயும் ஒன்றாக நின்றுவிடும். யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சுவார். அப்போது சித்தி கையை எடுத்துவிடுவார், வேலை முடிந்தது.

வாசலில் நின்றவரும் பாயில் இருந்தவரும் ஒரே முகத்தைத்தான் பார்த்தார்கள். அது பெரிய விசயம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அம்மியில் அரைத்தால் அரைபடும், கண்ணாடியில் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். எங்கள் பூனைக்கு மட்டும் அந்தப் பெட்டியின் அருமை முதலிலேயே தெரிந்திருந்தது. அதன் சூடான முதுகில் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். வால் சில வேளை இறந்தவர்களின் நெற்றியில் விழும். சனம் அதைத் தள்ளிவிட்டுவிட்டுப் பார்க்கும்.

ஊருக்கெல்லாம் முகம் கொடுத்த சித்தியால் எங்கள் வீட்டுக்கு ஒரு முகம் கொடுக்க முடியாமல் இருந்தது. என் அப்பாவின் முகம்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, தொழில் செய்து ஏதாவது சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று அப்பா முகாமில் இருந்து தனியாக ஊருக்குத் திரும்பினார். கடலுக்குப் போனார், வரவில்லை. யார் கேட்டாலும் அம்மா அவ்வளவுதான் சொல்வார். எங்களிடம் இருந்த படங்கள் நாங்கள் இந்தியாவுக்குப் படகேறிய அன்று கடலில் போயின. மிஞ்சியது ஒரே ஒரு படம். அது அப்பாவின் அக்காவிடம் இருந்தது. அவர் அரிப்பு என்ற ஊரில் இருந்ததால் எங்களுக்கு அவர் அரிப்பு மாமி. அப்பாவின் வள்ளத்தைச் சுவாமியார் மந்திரித்த அன்று எடுத்த படம் அது: ஒரு கூட்டம் ஆட்கள், நடுவில் அப்பா, முகம் விரல் நகம் அளவு. படம் முழுக்கச் செம்மண் நிறத்துக்குச் சிவந்துபோய் இருந்தது.

அந்த வருடம் எனக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள். படகேற முன்பு ஞானஸ்நானத்தில் என்னை ஏந்திய அரிப்பு மாமிதான் என் ஞானத்தாய். முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை போட்டு எடுக்கிற படத்தில், என் பக்கத்தில் அப்பாவை நிறுத்த வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கும் அதுதான் ஆசை, ஆனால் எனக்கு அது வேறு மாதிரி. அப்பா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. சித்தியும் மாமாவும் கண்டிருந்தாலும், அவர் முகம் இதுதான் என்று அடித்துச் சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான் மிச்சம்: அம்மாவும் மாமியும். அந்த இரண்டு பேரும் ஓம் என்று சொன்னால் எனக்கு ஒரு அப்பா கிடைப்பார். படத்தைத் தர மாமியும் சம்மதித்தார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அதற்கு முந்தின கிழமை மாமா கட்டாரில் இருந்து விடுமுறையில் வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணாவான இந்த மாமாவுக்கும் அரிப்பு மாமிக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை, குழம்பிவிடாதீர்கள். தங்கச்சி தொழில் செய்கிறாள் என்ற பெருமையில் அவர் ஒரு தட்டை மொனிற்றர் வாங்கி வந்திருந்தார். ஒரு கையால் தூக்கிக் காட்டினார். சூடு இல்லை, சத்தம் இல்லை, மேசையில் பாதி இடம் மிச்சம். அம்மாவுக்கு அந்த ‘டொம்ம்’ இல்லாததே பெரிய ஆறுதல். சித்தி கூட அன்றைக்குத் தைலப் போத்தலைத் தூக்கி உள்ளே வைத்தார். பூனைக்கு மட்டும்தான் நட்டம். பழக்கத்தில் பாய்ந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் மறுபக்கம் விழுந்தது.

பழையதை மாமா மூலையில் வைத்திருக்க விடவில்லை. தாராபுரத்தில் இருந்து லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் பழைய இரும்பு எடுக்க வருகிற முஸ்லிம் அண்ணர் ஒருவர் இருந்தார், நாங்கள் நானா என்போம். இரும்பைக் கொடுத்தால் பிளாஸ்டிக் சாமான் தருவார். சித்தி பட்டணத்துக்குக் கடதாசி வாங்கப் போயிருந்த நேரம், மாமா மொனிற்றரைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டு, உடுப்புத் தோய்க்கிற சிவப்புப் பேசின் ஒன்றை வாங்கி வைத்தார். வந்த சித்தி காலியான மூலையைப் பார்த்தார். அந்தக் குருவிப் படத்தையாவது உரித்து எடுத்திருக்கலாமே என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு வந்தது, அரிப்பு மாமியும் வந்தார். செபப் புத்தகத்துக்குள் இருந்து, கைலேஞ்சித் துணியில் சுற்றிய படத்தை எடுத்துக் கொடுத்தார். சித்தி அதை ஸ்கானரில் எடுத்து, முகத்தைப் பெருப்பித்து, சிவப்பை நீக்கினார். தேத்தண்ணி வந்தது. அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ மச்சாள் என்றார். மாமி, தான் நிற்பதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் மாமி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. தன் தம்பியை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது அம்மா என்பது அவருடைய வழக்கு. போகாமல் இருந்திருந்தால், திரும்பி வந்து தனியாகக் கடலில் இறங்க வேண்டி வந்திருக்காதே. மாமி நல்ல உயரம் வேறு. வாசல் நிலையில் சாய்ந்து நின்றால் தலை மேல்கட்டையைத் தொடும். மச்சாள் நிற்க அம்மா கதிரையில் இருக்க மாட்டார். சரிசமமாக எழுந்து நின்றால் போட்டிக்கு நிற்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் அம்மா பாயில், சுவர் ஓரமாக ஒடுங்கி இருந்தார். நான் அம்மாவுக்கும் முன்னால் நிலத்தில். நடுவில் கதிரையில் சித்தி.

முகம் வந்தது.

மாமிதான் முதலில் வாயைத் திறந்தார். தன் தம்பி இப்படி வெளுத்தவன் இல்லை, மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருக்கிறது என்றார். சித்தி கறுப்பைக் கூட்டினார். உடனே அம்மா பாயில் இருந்து, ஐயோ கரி பூசின மாதிரி இருக்கிறதே என்றார். சித்தி குறைத்தார். மாமி, இப்போது இன்னும் வெளுத்துவிட்டது என்றார். இப்படியே போனது. கூட்டினால் ஒருவர், குறைத்தால் மற்றவர். சித்தியின் நெற்றியில் வியர்வை. முதலில் நிறத்தைப் பற்றிய பேச்சு, பிறகு கண்ணைப் பற்றிய பேச்சு, அதற்குப் பிறகு பழைய பேச்சு எல்லாம் வந்தது. அவரோடு குடும்பம் நடத்தியது தான் என்று அம்மா சொன்னார். அவனைத் தூக்கி வளர்த்தது தான் என்று மாமி சொன்னார். அம்மா மாமிக்கு எதிர்வார்த்தை பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மாமி படத்தைக் கைலேஞ்சியில் சுற்றிச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். குரல் உயரவில்லை.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து என்ர தம்பிக்கு வேற முகம் செய்யிறியள். அந்த முகத்துக்குப் பக்கத்தில நான் ஞானத்தாயெண்டு வந்து நிக்க மாட்டன்."

போய்விட்டார். கொம்பியூட்டருக்குள் முகம் இருக்கிறதுதானே, நாங்களே ஒரு நிறத்தைக் கொடுத்து அச்சடிப்போம் என்றார் மாமா. அம்மா தலையை ஆட்டினார்.

"அவ ஓமெண்டு சொல்லாத முகத்தை நான் சுவரில மாட்ட மாட்டன் அண்ணா. எனக்கும் இப்ப வரவர அவற்ற முகம் சரியா வருதில்லை."

அம்மா அதைச் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். அப்பாவை எனக்கு மட்டும்தான் தெரியாது என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குப் பயந்துபோனேன்.

மாமி தொடாத தேத்தண்ணிக் கோப்பை நிலத்தில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்த சித்தி, குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார். பாயில் இருந்து பார்த்தார், எழும்பி வாசல் நிலைக்குப் போய் நுனிக்காலில் நின்று பார்த்தார். சித்திக்கு என்னவோ பிடித்துவிட்டது என்றே நான் நினைத்தேன். என்னையும் கையில் பிடித்துத் தூக்கிக் கதிரையில் ஏற்றினார். நிலத்தில் இருந்து நான் இவ்வளவு நேரமும் பார்த்தது, கண்முழி மட்டும் வெளுத்த ஒரு கறுத்த மனிதரை. அதுதான் அப்பா போல என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கதிரையில் ஏறினால் அவர் வெளுத்துக்கொண்டே வந்து, மாப் பூசிய வேறொரு ஆளானார்.

"மனுசரில பிழையில்லை," என்றார் சித்தி. "உந்தச் சாமான் ஆளுக்கொரு முகம் காட்டுது."

நின்றவருக்கு வெள்ளை, இருந்தவருக்குக் கறுப்பு. கோபத்தில் ஒருவர் நின்றார், மரியாதையில் ஒருவர் இருந்தார், இரண்டு பேருமே தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். மாமா நிறைய நேரம் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். பிறகு, அரிப்புக்குப் போன் எடுத்தார். மாமி கேட்டுவிட்டு, ஒரே கண்ணாடி ஆளுக்கொரு முகம் காட்டுமோ, இந்தக் கதையை வேறு யாரிடமாவது சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நானே கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு பேரையும் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கதிரையில் இருத்திக் காட்டலாமே என்று மாமா யோசனை சொன்னார். இருவருக்கும் அதில் விருப்பமிராது என்றார் சித்தி. தனித்தனியாகப் பார்த்து வந்து சொன்னால், மற்றவர் எதைப் பார்த்தார் என்ற சந்தேகம் சாகும்வரை இருக்கும். முகம் சொல்வதென்றால் எல்லோரும் ஒன்றாகப் பார்த்து, ஒன்றாக வாயடைத்துப் போக வேண்டும். அதற்குப் பழைய பெட்டிதான் வேண்டும்.

அடுத்த நாள் மாமா தெரிந்தவரிடம் ஓட்டோவை இரவல் வாங்கி, தானே ஓட்டினார். பின்னால் அம்மா, சித்தி, நான், கொம்பியூட்டர், விசைப்பலகை. என் மடியில் அந்தச் சிவப்புப் பேசின், அதற்குள் வயர்கள். தாராபுரம் போய்ச் சேரும்வரை சித்தி வழியையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த மொனிற்றருக்குள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது என்பதும், பழைய இரும்புக்காரருக்கு அதுதான் தேவை என்பதும் அவருக்குத் தெரியும். சுருளைக் கழற்றியிருந்தால் எல்லாம் முடிந்தது.

நானாவின் முற்றத்தில் சைக்கிள் சட்டங்களுக்கும் தகரங்களுக்கும் இடையில், வேப்ப மர நிழலில் அது இருந்தது. முதுகு மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். சித்தி ஓடிப்போய் உள்ளே குனிந்து பார்த்தார். சுருள் அப்படியே இருந்தது.

"அதுட கழுத்த உடைக்கிற வேல எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றார் நானா. "பிழையா உடைச்சா வெடிக்குமாம். புத்தளத்துல இருந்து ஒரு பொடியன் வாறவன், அவன் வரட்டுமெண்டு வெச்சேன்."

அது ஆபத்தான சாமான் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். அந்த ஆபத்துத்தான் அதைக் காப்பாற்றியது. நானா மூடியைத் திரும்பப் பூட்டித் தந்தார். பேசினைத் திருப்பிக் கொடுத்தபோது, பிள்ளை கையில் இருந்து வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். போக முதல் ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்று வயரை இழுத்துக் கொடுத்தார். சித்தி ஆளியைப் போட்டார். டொம்ம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அன்றைக்குச் சுவரைத் தேடவில்லை. ஓட்டோவுக்குள் இருந்தபடியே வாய்விட்டுச் சிரித்தார்.

அரிப்புக்குப் போகிற வழி முழுக்கச் சித்தி அதை மடியில் வைத்து, கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மாமியின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை மணல், ஓட்டோ போகாது. சித்தி தூக்கிக்கொண்டு நடந்தார். இடையில் மாமா கை கொடுக்க வந்தபோதும் கொடுக்கவில்லை. கால் மணலில் புதைய, கழுத்து நரம்பு புடைக்க, அவர் படலையடிக்குப் போய்ச் சேர்ந்தார். முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தார். முன்னால் பெட்டியோடு சித்தி, பின்னால் கொம்பியூட்டரோடு மாமா, விசைப்பலகையோடு அம்மா, பேசினோடு நான். மாமி எங்களை விட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்தார்.

"உந்தப் பாரத்தையோ இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தனியள்?"

சித்தி ஓம் என்று சொல்லக்கூட மூச்சு இல்லாமல் நின்றார்.

"உள்ள வாங்கோ," என்றார் மாமி.

எத்தனையோ வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஒரு கையால் தூக்குகிற சாமானோடு போயிருந்தால் மாமி படலையைத் திறந்திருக்க மாட்டார். பொய் சொல்ல வருகிறவர்கள் அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள்.

சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்தோம். அம்மா பழையபடி நிலத்தில் இருந்தார். மாமி பழையபடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். சித்தி ஒருவரையும் இடம் மாறச் சொல்லவில்லை. முகம் வந்தது. நான் எழும்பிப் பார்த்தேன், இருந்து பார்த்தேன், மாமியின் பக்கத்தில் போயும் பார்த்தேன். அதே ஆள். எங்கே போனாலும் அதே ஆள்.

பிறகு மாமி, கொஞ்சம் கறுக்க வேண்டும் என்றார், மெதுவாக. ஓம் மச்சாள், கொஞ்சம் கறுக்க வேண்டும் என்றார் அம்மா. சித்தி மெல்ல மெல்லக் கூட்டினார். வெயிலில் நின்று வந்த நிறம் வந்தது. கன்னத்தில் நிழல் வந்தது. அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமி ஒரு கையை உயர்த்தினார், போதும் என்பதுபோல. சித்தி விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தார்.

மாமி வாசல் நிலையை விட்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். தோளும் தோளும் முட்டியபடி. அவர் எங்களை வெறுக்கிறார் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவருக்கு இருந்தது வெறுப்பு அல்ல.

"எனக்கும் மறந்துபோச்செண்டு பயந்தனான்," என்றார் அம்மாவிடம்.

முதல் நன்மைக்கு மாமி வந்தார். படமும் எடுத்தோம். என் பக்கத்தில் அப்பா மாமாவின் கோட்டோடு நிற்கிறார், கோடை வெக்கையில் அவர் மட்டும். அச்சில் நிறம் திரையில் இருந்தமாதிரி வரவில்லை, பிறகு வெயில் பட்டு இன்னும் மங்கிப் போய்விட்டது. தட்டை மொனிற்றரை மாமா திரும்பக் கொண்டுபோகவில்லை. சித்தி கடிதம் அடிக்க அதை வைத்துக்கொண்டார், முகம் சொல்ல வருபவர்களுக்குப் பழையதைப் போட்டார். பூனை திரும்பவும் ஏறிப் படுத்தது. ஒரு மாரி காலத்தில் பழையது புகைந்து நின்றுவிட்டது. பேசின் மட்டும் இன்னும் அம்மாவின் கிணற்றடியில் கிடக்கிறது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது அரிப்பில் அன்றைக்கு நடந்த இன்னொன்றை. புறப்படுகிற நேரம், ஒழுங்கை மணல் கண்ணாடியில் படிந்திருக்கிறது என்று மாமி எழும்பிப்போய்ச் சேலைத் தலைப்பால் அப்பாவின் முகத்தைத் துடைத்தார். துடைத்தவர் சட்டென்று கையை இழுத்தார். துணி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு படபடவென்று சத்தம் போட்டது. பிறகு உள்ளங்கையை விரித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வைத்தபடியே என்னைக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்து, தன் கை இருந்த இடத்தில் வைத்தார். என் கையில் முளைத்திருந்த மெல்லிய மயிர் எல்லாம் எழும்பி அப்பாவின் பக்கம் சாய்ந்தது.

"இஞ்ச பார்," என்றார் மாமி. "கொப்பர் சூடா இருக்கிறார்."

பாரம், சூடு, தூசி என்று நீங்கள் சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. நினைவறிந்து என் அப்பாவை நான் தொட்டது அந்த ஒரு தடவைதான்.